போர்க்களத்துக்குத் திரும்பும் முதியவரை எங்கே தங்க வைப்பது: லோங்கேவாலா பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

1971-ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரின்போது ராஜஸ்தான் எல்லையில், ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில், தொலைபேசிக் கம்பி இழுக்கும் லைன்மேனாகப் பணியாற்றிய என் தந்தை, தமது 76-ஆம் வயதில், "அந்த ராம்கட் ரோட்ட ஒரு தபா பாத்துட்டு வந்துடணும்பா" என்று கேட்டார். தண்டையார்பேட்டையிலிருந்து அவரை அழைத்துச் சென்று திரும்பினேன். ஆனால் தங்குமிட விஷயத்தில் நான் செய்த தவறுகளால் முன்பணத்தை இழந்ததோடு, ஓர் இரவு முழுவதும் அவர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கவும் நேர்ந்தது. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் இதே ஆசையைச் சொல்லும் முன்னாள் படைவீரர்களை நான் அறிவேன். அவர்களை அழைத்துச் செல்லப்போகும் பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. அவருடைய இடம் எது என்று முதலில் கேளுங்கள்

அறை தேடத் தொடங்குவதற்கு முன்னால், ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருக்கும் இடம்தான் அவர் பார்க்க நினைக்கும் இடம் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. ராம்கட்டைத் தாண்டி எல்லையோரத்தில் இருக்கும் லோங்கேவாலா என்றதும் நமக்கு 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவும் மறுநாள் காலையும் நடந்த டாங்கிச் சண்டைதான் நினைவுக்கு வருகிறது. என் தந்தைக்கோ ராம்கட்டைத் தாண்டிய சாலையோரத்தில், தோளில் கம்பிச் சுருளைச் சுமந்தபடி நடந்த சில கிலோமீட்டர்தான் அந்தப் போர். அந்த இடத்தில் கல்வெட்டும் இல்லை, பெயர்ப் பலகையும் இல்லை. இதை முன்கூட்டியே அறிந்துகொண்டதால்தான் எத்தனை நாள் தங்குவது, வண்டியை எந்த முறையில் பேசுவது என்பதையெல்லாம் என்னால் பின்னர் சரியாக முடிவு செய்ய முடிந்தது.

அவர் போரிட்ட இடம் இன்று எல்லைக்கு அப்பால் இருந்தால், அதையும் அன்றே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். பாகிஸ்தானில் இருக்கும் சகர்கட் பகுதிக்குப் போக முடியாது. இந்தப் பக்கத்தில், ஜம்முவில் உள்ள சாம்பா வரைதான் போகலாம். வங்கதேச எல்லையில் உள்ள ஹில்லியில் போரிட்டவராக இருந்தால் மேற்கு வங்கத்தின் பாலூர்காட்டில் தங்கி, எல்லையின் இந்தப் பக்கம் வரை சென்று வரலாம். கீழே சொல்லியிருப்பவை ஜெய்சால்மர், லோங்கேவாலா பகுதிக்கானவை என்றாலும், அறையைப் பற்றிய குறிப்புகள் எந்தப் போர்க்களத்துக்கும் பொருந்தும்.

2. தேதி

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே போகும் எண்ணமே வேண்டாம். முதியவரின் உடல் அந்த வெயிலைத் தாங்காது. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் இரவில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். மார்கழியிலும் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்கும் வடசென்னைக்காரருக்கு அது கடுமையான குளிர். அதோடு கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரையிலும், மாக பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பாலைவனத் திருவிழாவின்போதும் ஜெய்சால்மரில் அறை வாடகை பல மடங்கு ஏறிவிடுகிறது. நவம்பர் பிற்பகுதி, அல்லது திருவிழா முடிந்த பின் பிப்ரவரி இறுதி, இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

டிசம்பர் 5-ஆம் தேதியன்றே அங்கே நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்படலாம். அவருடைய பழைய யூனிட் அழைப்பு அனுப்பியிருந்தால் தாராளமாகப் போங்கள், தங்குமிடத்தையும் அவர்களிடமே கேளுங்கள். அழைப்பு இல்லாமல் போனால் அதிகாரிகளின் வருகையும் கூட்டமும் இருக்கும். முதியவர் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது.

நவம்பரில் புறப்படுவதாக இருந்தால், ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றை அந்த மாதத்தின் முதல் வாரத்திலேயே கொடுத்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். பயணத்தில் உடல்நிலை சரியில்லாமல் போய்த் திரும்புவது தள்ளிப்போனால், ஓய்வூதியம் நின்றுவிடும் கவலையும் சேர்ந்துகொள்ளக் கூடாது.

3. ஆவணங்கள்

ஆதார் அட்டையின் அசல், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டம்) அட்டை ஆகிய மூன்றும் அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும். படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், ஓய்வூதிய ஆணையான பிபிஓ-வையும் நகலெடுத்து எடுத்துச் செல்லுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். ஐம்பது ஆண்டு பழமையான டிஸ்சார்ஜ் புத்தகம் ரயிலில் தொலைந்தால், அதன் மாற்றுப் பிரதியைப் பெறப் படும் பாட்டை நான் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பெயர்ப் பொருத்தத்தைப் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே சரிபாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய தொல்லை. ராணுவப் பதிவில் பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர் முழுமையாக இருக்கும், ஆதாரில் இனிஷியல் முன்னால் நிற்கும், இசிஎச்எஸ் அட்டையில் ஆங்கில எழுத்துகள் வேறாக இருக்கும். தனியார் ஓட்டலில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் படைத்துறை விடுதியில் அறை கேட்கும்போதும், மருத்துவமனையில் சேர்க்கும்போதும் இதைக் காட்டி உட்கார வைத்துவிடுவார்கள். திருத்தத்துக்கு நேரமில்லை என்றால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயரும் படை எண்ணும் உள்ள பக்கத்தின் நகலை எல்லா விண்ணப்பங்களோடும் சேர்த்து இணையுங்கள்.

4. எந்த ஊரில் தங்குவது

போர்க்களத்துக்கு அருகிலேயே தங்க வைத்தால் அவருக்கு அலைச்சல் குறையும் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படி நினைத்துத்தான், ஊருக்கு வெளியே மணல்மேடுகளின் நடுவே ஒரு கூடாரத்துக்கு 6,500 ரூபாய் கட்டினேன். வண்டி நின்ற இடத்திலிருந்து கூடாரம் வரை மணலில் நடக்க வேண்டியிருந்தது; கைத்தடி மணலில் புதைந்தது. இரவு பத்தரை வரை ஒலிபெருக்கியில் பாட்டு. குழாயில் வெந்நீர் வரவில்லை. நள்ளிரவுக்கு மேல் துணிச் சுவர் வழியாகக் குளிர் உள்ளே இறங்க, என் தந்தை இரண்டு ரஜாய்களை (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வைகளை) போர்த்திக்கொண்டும் தூங்க முடியாமல், விடியும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். "அப்போ இதவிடக் குளிரு, அப்போ தெரியல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையிலேயே காலி செய்தோம். கட்டிய பணம் திரும்பவில்லை.

எனவே ஜெய்சால்மர் நகரிலேயே தங்குங்கள். அங்கிருந்து ராம்கட் வழியாக லோங்கேவாலா ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சாலை நன்றாக இருப்பதால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நகருக்குள்ளும் கோட்டைக்குள் இருக்கும், ஹவேலி எனப்படும் பழைய மாளிகை விடுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். மக்கள் இன்றும் வாழும் கோட்டை அது, பார்க்க அழகானது. ஆனால் செங்குத்தான கல் பாவிய ஏற்றமும், காலை உயரத் தூக்கி வைக்க வேண்டிய கற்படிகளும், கார் நுழைய முடியாத சந்துகளும் முழங்கால் வலி உள்ளவருக்கு ஆகாதவை. கோட்டைக்குக் கீழே, வாசல் வரை வண்டி வந்து நிற்கும் தெருவில் அறை பாருங்கள். கோட்டையைத் தெருவில் நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம்.

5. அறை: படத்தை நம்பாமல், கேட்டுப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பகலில் அவர் நான்கு மணி நேரம் போர்க்களத்தில் இருப்பார். அறையிலோ ஒரு நாளுக்குப் பதினைந்து மணி நேரம் இருப்பார்.

இணையத்தில் 'தரைத்தளம்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அந்த ஊர்க் கட்டடங்கள் பல உயர்ந்த கல் மேடையின் மேல் நிற்கின்றன. இரண்டாவதாக நாங்கள் பார்த்த ஓட்டலின் தரைத்தள அறைக்கு, தெருவிலிருந்து ஒன்பது படி ஏற வேண்டியிருந்தது, கைப்பிடியும் இல்லை. ஆகவே தொலைபேசியில், "தெருவிலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படி?" என்று கேளுங்கள். அதன்பின் வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து நடந்து வந்து அறையையும் குளியலறையையும் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுகிறார்கள். காட்ட மறுத்தால் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடலாம்.

கழிப்பறைதான் தலையாயது. இரவில் மூன்று முறை எழுந்திருப்பவருக்குக் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி, இடையில் என்ன தடுக்கும் என்பதை அறிந்துகொள்வது அவசியம். மேற்கத்தியக் கழிப்பறையா, குளியலறை வாசலில் உயர்ந்த கல் இருக்கிறதா, தரை பளபளப்பான கல்லா, உள்ளே பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த ஓட்டலிலும் கைப்பிடி இருக்காது என்று வைத்துக்கொண்டு, ஒரு ரப்பர் மிதியடியையும், சுவரில் மாட்டும் சிறிய இரவு விளக்கு ஒன்றையும், ஒரு பிளாஸ்டிக் முக்காலியையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மிதியடியும் விளக்கும் இங்கிருந்தே எங்கள் பெட்டியில் போயின. முக்காலியை அங்கே கடைத்தெருவில் 250 ரூபாய்க்கு வாங்கினோம். அதன்மேல் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில், அவர் வீட்டில் குளிப்பதுபோலவே குளித்தார்.

வெந்நீர் எப்போதும் வருமா, சில மணி நேரம் மட்டுமா என்று கேளுங்கள். அறையில் ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேளுங்கள். எங்களிடம் ஒரு நாளுக்கு 300 ரூபாய் வாங்கினார்கள். கனத்த ரஜாய் முதியவருக்கு நெஞ்சை அழுத்தும், ஆகவே மெல்லிய கம்பளி இரண்டு கேட்டு வாங்குங்கள். வேலைப்பாடுள்ள கட்டில்கள் சில மிகவும் உயரம்; உட்கார்ந்தால் பாதம் தரையில் படுகிறதா என்று முதல் நாளே பாருங்கள், படாவிட்டால் உடனே அறையை மாற்றச் சொல்லுங்கள். நீங்களும் அதே அறையில்தான் படுக்க வேண்டும். அடுத்த அறையில் இருந்துகொண்டு, கூப்பிட்டால் கேட்கும் என்று நினைக்காதீர்கள்.

உணவைப் பற்றியும் அறை பேசும்போதே பேசிவிடுங்கள். கம்பு ரொட்டியைப் பல் செட்டால் மெல்ல முடியாது; காரமும் அதிகம். காலையில் கஞ்சியோ ஓட்ஸோ, இரவில் பருப்புக் கிச்சடியும் தயிரும் செய்து தர முடியுமா என்று கேட்டால் பெரும்பாலான சமையலறைகளில் செய்து தருகிறார்கள்.

6. படைத்துறை விடுதி கிடைக்குமா

முயன்று பார்க்கலாம். முன்னாள் படைவீரர்களுக்கான சைனிக் ரெஸ்ட் ஹவுஸ்கள் பல மாநிலங்களில் உள்ளன. ராணுவக் குடியிருப்புகளான கன்டோன்மென்ட் பகுதிகளில் தங்கும் அறைகளும் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்து, யாருக்கு எழுத வேண்டும் என்று அறிந்து, அடையாள அட்டை நகலோடு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். வாடகை மிகவும் குறைவு. சக படைவீரர்களின் நடுவே இருப்பதும் அவர்களுக்கு மகிழ்ச்சி தரும்.

ஆனால் பணியில் இருப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதால் கடைசி வாரத்தில்கூட அறை இல்லை என்று ஆகிவிடலாம். நாங்கள் எழுதிய ஓரிடத்திலிருந்து, புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போதுதான் இடமில்லை என்று பதில் வந்தது. அந்த அவசரத்தில்தான் கூடாரத்தில் பணத்தைக் கட்டி ஏமாந்தேன். ஆகவே விண்ணப்பிக்கும் அன்றே, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தனியார் அறை ஒன்றையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு காரணத்துக்காகவும் இது தேவை: அது எல்லை மாவட்டம். 2025 மே மாதம் பதற்றம் ஏற்பட்டபோது ஜெய்சால்மரில் இரவு விளக்குகளையே அணைத்தார்கள். வாடகை 300 ரூபாய் குறைகிறது என்பதற்காக, ரத்து செய்ய முடியாத பதிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

7. ரயிலும் வழியில் ஓர் இரவும்

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு. 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: அது ஒரே சீட்டில் மூத்த குடிமக்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் பொருந்தும். நாற்பது வயது மகன் தன் பெயரையும் அதே சீட்டில் சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும். அவருக்குத் தனிச் சீட்டு எடுத்துக் கீழ்ப் படுக்கையை உறுதி செய்துகொண்டு, உங்களுக்கு அதே வகுப்பில் வேறு சீட்டு எடுங்கள்.

ஜோத்பூரில் இறங்கியதும் ஜெய்சால்மருக்கு வண்டி பிடிக்கக் கூடாது. இன்னும் 285 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் இருக்கிறது. நிலையத்துக்கு அருகில் லிஃப்ட் உள்ள ஓட்டலில் ஓர் இரவு படுத்து எழுந்து, மறுநாள் காலை புறப்படுங்கள்.

8. எத்தனை இரவு: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு

ஜெய்சால்மரில் நான்கு இரவு, ஒரே அறையில். நான் சொல்வதில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு இரவுகள் குளிருக்கும் உணவுக்கும் உடல் பழகுவதற்கு. அந்த நாளில் ஜோத்பூர் சாலையில், நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் அழைத்துச் செல்லலாம். அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், எப்போது களைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை ஏழரைக்குக் கிளம்புங்கள். வண்டியைச் சுற்றுலா 'பேக்கேஜ்' ஆகப் பேசாமல் நாள் வாடகைக்குப் பேசுங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில், சொல்லும் நேரம் வரை நிற்க வேண்டியிருக்கும் என்று ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ராம்கட்டைத் தாண்டி ஒரு வளைவில் என் தந்தை வண்டியை நிறுத்தச் சொன்னார். பார்ப்பதற்கு அங்கே முட்செடிகளும் மணலும்தான். கதவைத் திறந்து, காலை வெளியே வைத்து, இருக்கையிலேயே உட்கார்ந்தபடி இருபத்தைந்து நிமிடம் இருந்தார். அவருடைய வலது கட்டைவிரல் நகம், ஆள்காட்டி விரலின் மேல் எதையோ உரிப்பதுபோல ஓடிக்கொண்டே இருந்தது. கம்பியின் மேலுறையைச் சீவும் அசைவு அது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவசரப்படுத்தாதீர்கள். சாலையை விட்டு இறங்கி நடக்கவும் விடாதீர்கள்.

லோங்கேவாலா நினைவிடத்தை ராணுவம் பராமரிக்கிறது. கைப்பற்றப்பட்ட டாங்கிகள், பதுங்குகுழிகள், குறும்படம் காட்டும் அரங்கு எல்லாம் உண்டு. நிழல் குறைவு என்பதால் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மடக்கு நாற்காலியும் தொப்பியும் வண்டியில் இருக்கட்டும். அங்கிருந்து தனோட் மாதா கோயில் சுமார் 40 கிலோமீட்டர்; எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கும் அந்தக் கோயிலில், வெடிக்காத குண்டுகளை வைத்திருக்கிறார்கள். களைப்பாக இருந்தால் அதை விட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். இந்த இரண்டு இடங்களுக்கும் இந்தியர்களுக்கு அடையாள அட்டை போதும். எல்லை வேலி வரை போக வேண்டுமானால் அந்தப் படையின் அனுமதி தேவை. பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, ஆகவே ஓட்டல் வரவேற்பறையில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்றிரவு அவர் தூங்கமாட்டார் என்று எண்ணிக்கொண்டு திட்டமிடுங்கள். என் தந்தை ஒரு மணி வரை பேசினார். வீட்டில் ஒருநாளும் சொல்லாத பெயர்களைச் சொன்னார். நடுவில் எதிரில் யாரோ இருப்பதுபோல் ஹிந்திக்கு மாறினார், மீண்டும் தமிழுக்கு வந்தார். பிறகு அழுதார். மறுநாள் காலை பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். மறுநாளை முற்றிலும் காலியாக விடுங்கள்: வண்டி வேண்டாம், கோட்டை வேண்டாம், உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளும் வேண்டாம். அவர் பதினொரு மணிக்கு எழுந்து, தேநீர் குடித்துவிட்டு, மறுபடி மூன்று மணி வரை தூங்கினார்.

9. மருந்தும் மருத்துவமனையும்

பயண நாள்களுக்குத் தேவையானதைப்போல் ஒன்றரை மடங்கு மருந்து எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு அவருடைய இசிஎச்எஸ் பாலிகிளினிக்கில் காட்டி, மருந்துச் சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஜெய்சால்மரில் மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஜோத்பூர் எய்ம்ஸ்தான், அதாவது ஐந்து மணி நேரப் பயணம். இதய நோய் உள்ளவருக்கு இந்தத் தூரத்தைச் சொல்லி, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பிறகே சீட்டு எடுங்கள். அவசரத்தில் இசிஎச்எஸ் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் செலவைத் திரும்பப் பெறுவது கடினம்.

10. எங்களுக்கு ஆன செலவு

ஜெய்சால்மர் அறை நாளுக்கு 2,400 ரூபாய் வீதம் நான்கு இரவு 9,600, ஹீட்டர் 1,200, ஜோத்பூர் ஓரிரவு 2,000, ஜோத்பூரிலிருந்து போகவும் வரவும் கார் 12,000, போர்க்களம் சென்ற நாளின் கார் 5,500. ஆக மொத்தம் 30,300 ரூபாய், உணவும் ரயிலும் நீங்கலாக. கூடாரத்தில் இழந்த 6,500-ஐ இதில் சேர்க்கவில்லை. திரும்பும்போது அவர் மிகவும் களைத்திருந்ததால் ஜோத்பூரிலிருந்து மும்பை வழியாக விமானத்தில் வந்தோம்; இருவருக்கும் 19,000 ரூபாய் ஆனது. சக்கர நாற்காலியை விமானச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. மும்பையில் அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம்தான் வைத்திருந்தோம், அவரைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லக்கூட நேரம் போதவில்லை.